தேங்காய் உடைக்கிற வெளிச்சம்

2023 ஜனவரிக் கடைசி. தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் கொடியேற்றிய நாள். ராத்திரி சரியாகப் பத்து மணிக்குத் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் மலைச்சரிவு முழுக்க விளக்கு அணைந்தது. யாரும் சத்தம் போடவில்லை. லோட் ஷெட்டிங், அதாவது பகுதிக்குப் பகுதி முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, ஆறாம் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. கைப்பேசியில் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் உலை வைப்பது, துணி துவைப்பது எல்லாம்.

எனக்கு அதில் ஒரு கள்ளச் சந்தோஷம் உண்டு. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டர்பனுக்கு வந்து, ஓர் ஆலையில் மின் பராமரிப்பு பார்க்கிறவன். கரண்ட் போனால் வருத்தப்பட வேண்டிய ஆள். ஆனால் அடகுக் கடையில் ஒரு பைனாகுலர் மலிவாகக் கிடைத்த பிறகு, அட்டவணையில் எங்கள் பகுதிக்கு இரவு நேரம் விழுந்திருக்கிறதா என்று ஆசையோடு பார்க்க ஆரம்பித்துவிட்டேன். டர்பனில் ஜனவரி என்றால் பாதி நாள் மேகம்தான். அன்று சாயங்கால மழை வானத்தைக் கழுவிவிட்டுப் போயிருந்தது. ஐந்தாம் பிறையும் மேற்கே கூரைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி மஞ்சள் சேலையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். பத்து நாள் விரதத்தின் முதல் நாள். பால்குடம் எடுக்கப் போகிறார். கூடவே பதினொரு வயதுப் பேத்தி. ஆண்ட்டியின் குடும்பம் ஐந்து தலைமுறையாக இங்கே இருக்கிறது. சின்ன வயதில் மேகஸின் பாரக்ஸில், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில், இருந்தவர். 1960களில் அங்கிருந்தவர்களை எல்லாம் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியபோது வந்தவர். பேச்சு முக்கால்வாசி ஆங்கிலம். நடுவில் தம்பி, சாமி, கஞ்சி, பாவம் என்று தமிழ் மிதந்து வரும். தேவாரப் புத்தகம் வைத்திருக்கிறார், ஆங்கில எழுத்தில் அச்சடித்தது. ராகம் தப்பாமல் பாடுவார். அவர் பேசியதை எல்லாம் இங்கே நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

"தம்பி, அதுல என்ன தெரியுது?"

என்னிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறவன் நான்.

முதலில் கார்த்திகையைக் காட்டினேன். வடமேற்கில் தாழ்வாக, எதிர்வீட்டு மாமரத்துக்கு மேலே. சங்கப் பாட்டில் அறுமீன் என்று வருவது இதுதான். முருகனுக்குப் பால் கொடுத்த ஆறு பேர் என்றதும் ஆண்ட்டி செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து கும்பிட்டார். இத்தனை வருஷம் காவடி எடுத்தும் அவர்களை வானத்தில் பார்த்ததில்லையாம். அப்புறம் வடக்கே உயரத்தில் ஓரியன், வேட்டைக்காரன் வடிவ விண்மீன் கூட்டம். ஊரில் பார்த்த ஓரியனுக்கு இங்கே தலை கீழே, கால் மேலே. எட்டு வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை. சிவப்பாகத் தெரிவது திருவாதிரை என்றேன்.

"அது என் நட்சத்திரம்!" என்றார். அர்ச்சனைக்குச் சொல்லிச் சொல்லி வாயில் நின்ற பெயர். அது உண்மையிலேயே மேலே தொங்குகிற ஒரு பொருள் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

திருவாதிரைக்குக் கீழே, ஓரியனின் தலை இருக்கிற இடத்தில் மங்கலாக மூன்று புள்ளி. அதுதான் மிருகசீரிடம், மான்தலை. கார்த்திகைக்கும் திருவாதிரைக்கும் நடுவே ரோகிணி, மிருகசீரிடம் என்று பஞ்சாங்கத்தில் வரிசையாக வருகிறதே, அதே வரிசையில் வானத்திலும் நிற்கின்றன.

பேத்தி தன் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துவந்தாள். பள்ளிக்கூடப் பாடத்துக்கு எடுத்து வைத்தவை. ஒன்று கார்த்திகை: ஒவ்வொரு விண்மீனையும் சுற்றி நீலப் பனி மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. இன்னொன்று ஓரியனின் இடைவாளில் இருக்கிற நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகம்: செக்கச் செவேல். "ரெண்டுமே புகைதானே அங்கிள்? ஒண்ணு ஏன் நீலம், ஒண்ணு ஏன் சிவப்பு?"

அதோடு ஆண்ட்டியும் சேர்ந்துகொண்டார். "என் திருவாதிரைதான் பெருசு, பளிச்சுனு இருக்கு. அதைச் சுத்தி ஏன் ஒண்ணும் எரியல?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் அன்று ராத்திரி நான் சொன்ன பதில் கொஞ்சம் உளறல். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

என் தொழிலிலிருந்து ஆரம்பிக்கலாம். பழைய ட்யூப்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோக், ஸ்டார்ட்டர், பட்டி எல்லாம் போட்டு நாம் மாட்டுவோமே, அது. குழாய்க்குள் கொஞ்சம் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அந்த ஆவி கொடுப்பது பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி, 254 நானோமீட்டர். குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற ஒளியாக மாற்றித் தருகிறது. பொடி பூசாத குழாயும் உண்டு. தண்ணீர் சுத்திகரிப்பில் கிருமி கொல்ல வைப்பார்கள். எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மங்கலாக நீலம் தெரியும். ஆனால் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் கண் போய்விடும். சக்தி எல்லாம் தெரியாத ஒளியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவைப்பது பொடியின் வேலை.

ஓரியன் நெபுலாவும் ட்யூப்லைட்தான். புற ஊதாவைக் கொடுப்பது நடுவில் இருக்கிற ஒரு விண்மீன். பொடியின் வேலையைச் செய்வது சுற்றியிருக்கிற வாயு, முக்கியமாக ஹைட்ரஜன்.

ஹைட்ரஜனில் ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். இரண்டையும் பிரித்துவிட 13.6 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். ஒளியின் கணக்கில் சொன்னால், 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வந்து மோத வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறோம், நானும் சறுக்கினேன். பிரகாசமான விளக்காக இருந்தால் போதாதா, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி எரியாதா என்று தோன்றும். எரியாது. சிறுதுளி பெருவெள்ளம் என்கிற கணக்கு அணுவிடம் செல்லாது.

ஆண்ட்டிக்கு நான் சொன்னதிலேயே உருப்படியான உதாரணம் இது ஒன்றுதான்: சூறைத்தேங்காய். நகத்தால் லட்சம் தடவை தட்டினாலும் தேங்காய் உடையாது. ஓங்கி ஒரே போடு கல்லில் போட்டால் உடையும். எத்தனை கை தட்டுகிறது என்பது கணக்கில் வராது. ஒரு போட்டில் எவ்வளவு பலம் என்பதுதான் கணக்கு. திருவாதிரை லட்சம் கைகளால் நகத்தட்டு தட்டுகிற விண்மீன்.

இந்தப் பலத்தைத் தீர்மானிப்பது விண்மீனின் மேற்பரப்புச் சூடு. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், அப்புறம் மஞ்சளாகும், வெளுக்கும். அதற்கும் மேலே சூடேற்ற முடிந்தால் நீலத்தைத் தாண்டிப் புற ஊதாவுக்குப் போய்விடும். நம் சூரியன் 5,800 கெல்வின். அதன் ஒளியின் உச்சம் கண்ணுக்குத் தெரிகிற வரம்புக்குள் இருக்கிறது. திருவாதிரை வெறும் 3,500 கெல்வின் அளவு. அதன் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பு, அதாவது அடுப்புச் சூடு. மொத்த வெளிச்சத்தில் சூரியனைப்போல லட்சம் மடங்கு அளவுக்கு வரும் ராட்சதன்தான். ஆனால் தேங்காய் உடைக்கிற ஃபோட்டான் அதனிடம் கிட்டத்தட்ட இல்லை.

ஓரியன் நெபுலாவின் நடுவே நாலு விண்மீன் நெருக்கமாக நிற்கும், சரிவகம் மாதிரி. அதில் மூத்த பிள்ளை தீட்டா ஒன்று ஓரியானிஸ் சி. விண்மீன் வகைகளில் மிகச் சூடான ஓ வகை, சூரியனைப்போல் முப்பது மடங்குக்கு மேல் எடை, மேற்பரப்பு 39,000 கெல்வின். அந்தச் சூட்டில் ஒளியின் உச்சமே 74 நானோமீட்டருக்கு வந்துவிடுகிறது, 91.2-க்கும் கீழே. மொத்த வெளிச்சத்தில் திருவாதிரைக்கும் இதற்கும் அப்படி ஒன்றும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. ஆனால் இது வீசுகிற ஃபோட்டான்களில் கணிசமானவை தேங்காய் உடைக்கிறவை. ஒரு விநாடிக்கு அப்படி ஏறக்குறைய 1-க்குப் பின்னால் 49 சுழி போட்டால் வருகிற எண்ணிக்கை. நெபுலா முழுவதும் எரிவதில் பெரும்பங்கு இந்த ஒற்றை விண்மீனின் உபயம்.

உடைந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. உடைவதால் வெளிச்சம் வருவதில்லை, மறுபடி சேரும்போதுதான் வருகிறது. பிரிந்த எலெக்ட்ரான் அலைந்து திரிந்து, என்றோ ஒருநாள் வேறொரு புரோட்டானிடம் மாட்டும். மாட்டினால் நேராகத் தரைக்கு வந்து விழ வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் மேல்படி ஒன்றில் தொற்றிக்கொண்டு, படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஓர் ஒளித்துகள். மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கினால் 656.3 நானோமீட்டர், சிவப்பு. பேத்தியின் படத்தில் இருந்த செக்கச் சிவப்பு அதுதான். கீழே வந்து சேர்ந்ததும் இன்னொரு புற ஊதா ஃபோட்டான் வந்து மறுபடி உடைக்கும். உடைய, சேர, உடைய, சேர.

விண்மீன் ஒரு விநாடிக்கு எத்தனை உடைக்க முடியுமோ, அத்தனை சேர்க்கை நடக்கிற அளவு வரைதான் எரியும் எல்லை போகும். அதற்கு வெளியே வாயு இருந்தாலும் இருட்டு. டென்மார்க்கின் பெங்ட் ஸ்ட்ரோம்கிரன் 1939-ல் இந்த எல்லையைக் கணக்கிட்டுக் காட்டினார். சுடுவிண்மீனைச் சுற்றிக் கிட்டத்தட்ட உருண்டையாக ஒரு வெளிச்சக் கூடு, அதன் விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல. ஒரு பல்புக்கு இத்தனை அடி தூரம் வெளிச்சம் என்று நாங்கள் போடுகிற கணக்கைவிட இது சுத்தமான கணக்கு என்று பொறாமையாக இருக்கிறது.

சரி, கார்த்திகை ஏன் நீலம்? அந்த விண்மீன்களும் சூடானவைதான், சூரியனைவிட இரண்டு மடங்குக்கு மேல், 12,000, 13,000 கெல்வின். ஆனாலும் போதவில்லை. தேங்காய் உடையும் பலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே தெரிகிற பனி தானாக எரிவதில்லை. தூசி, விண்மீன் ஒளியைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். மூடுபனியில் தெருவிளக்கைச் சுற்றித் தெரிகிற வட்டம் மாதிரி. சிதறலில் நீலம் முந்திக்கொள்ளும். 1912-ல் அமெரிக்காவின் வெஸ்டோ ஸ்லைஃபர் அந்தப் பனியின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, எடுத்துப் பார்த்தபோது, பக்கத்து விண்மீனின் நிறமாலையே அப்படியே அச்சாக இருந்தது. கடன் வாங்கிய வெளிச்சம் என்று தெரிந்துபோயிற்று. பத்து வருஷம் கழித்து, 1922-ல் எட்வின் ஹபிள் பல நெபுலாக்களையும் அவற்றின் பக்கத்து விண்மீன்களையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து ஒரு கோடு கிழித்தார்: பி1 வகையைவிட (ஓ-வுக்கு அடுத்த சூட்டு வகை பி) சூடான விண்மீன் பக்கத்தில் இருந்தால் நெபுலா தானே எரியும், அதைவிட ஆறியது என்றால் பிரதிபலிக்க மட்டும் செய்யும். கார்த்திகை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். தீட்டா ஒன்று சி அந்தப் பக்கம்.

இதில் எனக்கு வியப்பு மான்தலைதான். மங்கலாக, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மூன்று புள்ளிகளில் பெரியது லாம்டா ஓரியானிஸ். அது ஓ வகை விண்மீன். அதைச் சுற்றி ஒரு மாபெரும் வாயு வளையம் எரிந்துகொண்டிருக்கிறது. குறுக்கே பத்து முழு நிலவை அடுக்கினாலும் இடம் மிஞ்சும். ஆனால் மெல்லியது என்பதால் கேமராவுக்குத்தான் தெரியும். பக்கத்தில் பளிச்சென்று நிற்கிற திருவாதிரையைச் சுற்றி அப்படி ஒன்றும் இல்லை. இதை ஆண்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

"ஷேம்!" என்றார். இங்கே அந்த வார்த்தைக்கு 'பாவமே' என்று பொருள்.

திருவாதிரையும் ஒரு காலத்தில் நீலமாக, சூடாக எரிந்த விண்மீன்தான், வயதாகி ஊதிப்போய் மேற்பரப்பு ஆறிவிட்டது என்று சமாதானம் சொன்னேன். அவருக்கு அது ஒன்றும் சமாதானமாகப் படவில்லை.

பெரிய விண்மீன்கள்தான் நெபுலாவை எரிக்கின்றன என்று புத்தகங்களில் எழுதுவது இதனால்தான் பாதி உண்மை. எடை அதிகமானால் உட்கரு அதிகம் அழுந்தும், எரிபொருள் வேகமாகத் தீரும், மேற்பரப்பு கொதிக்கும். அதனால் பெரியவை சூடாக இருக்கின்றன. ஆனால் சின்னதாக இருந்தும் சூடாக இருந்தால் அதுவும் எரிக்கும். 1864-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹக்கின்ஸ் முதன்முதலாக ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்து, அது விண்மீன் கூட்டம் இல்லை, வாயு என்று கண்டுபிடித்தாரே, அந்த நெபுலாவின் நடுவில் இருப்பது செத்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு விண்மீனின் கொதிக்கும் உட்கரு. அந்த நெபுலா வட வானத்தில் இருக்கிறது. டர்பன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை.

ஹக்கின்ஸ் பார்த்தது பச்சைக் கோடுகள். பூமியில் எந்தத் தனிமத்திலும் காணாத கோடுகள் என்பதால் நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் அந்தக் கோடுகளின் புதிர் விடுபடவில்லை. 1927-ல் அமெரிக்காவின் ஐரா போவன், அது இரண்டு எலெக்ட்ரானை இழந்த ஆக்சிஜன்தான் என்று நிரூபித்தார். அந்த ஆக்சிஜன் அந்தப் பச்சையை உமிழ அரை நிமிடத்துக்கும் மேல் யாரும் இடிக்காமல் சும்மா விட வேண்டும். நம் ஊர்க் காற்றில் அது நடக்குமா? ஒரு விநாடிக்குள் கோடிக்கணக்கான இடி. நெபுலாவிலோ ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு, சில ஆயிரம் அணுக்கள்தான். நாம் கஷ்டப்பட்டு உண்டாக்கும் வெற்றிடத்தைவிட வெற்றிடம்.

அந்தப் பச்சைதான் நம் கண்ணுக்கு எட்டுகிறது. இருட்டில் வேலை செய்கிற கண் செல்களுக்கு 656-ன் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. அதனால் ஆண்ட்டி பைனாகுலரை வாங்கி இடைவாளைப் பார்த்ததும், செவ்வானத்தை எதிர்பார்த்தவர் ஏமாந்தார்.

"ஒண்ணுமில்லையே. விபூதி மாதிரி இருக்கு."

அதைவிடச் சரியாக நான் வர்ணித்ததில்லை. ஓர் இணுக்கு விபூதியை ஊதிவிட்டதுபோலத்தான் இருக்கும். 1,300 ஒளியாண்டுக்கு மேல் தூரம். நீங்கள் பாடுகிறீர்களே அந்தத் தேவாரம், சம்பந்தர் காலத்தை ஒட்டிக் கிளம்பிய வெளிச்சம் என்றேன். பைனாகுலரைத் திருப்பித் தர மறந்துவிட்டார்.

தெற்கு வானத்தை நான் அப்புறம்தான் காட்டினேன். அதுதான் இந்த நாட்டுக்கு வந்ததில் எனக்குக் கிடைத்த லாபம். ஓரியன் நெபுலாவை ஊரிலேயே பார்க்கலாம். தென்கிழக்கில் ஏறிக்கொண்டிருந்த கரினா நெபுலா திருநெல்வேலியில் அடிவானத்து மரங்களோடு போய்விடும். இங்கே அது ராஜா. ஓ வகை விண்மீன்கள் மட்டும் அறுபதுக்கு மேல் அதனுள் இருக்கின்றன. தூரம் ஓரியனைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தும் வெறும் கண்ணுக்குத் தெரிகிறது. ஓ வகை எவ்வளவு அரிது என்றால், பத்து லட்சம் விண்மீனை எண்ணினாலும் ஒன்று தேறாது.

அந்த நெபுலாவை முதலில் குறித்து வைத்தது இந்த நாட்டிலிருந்துதான். 1751-ல் கேப் டவுனுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லக்காய், ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு தென் வானத்தை வரைந்து, நாற்பத்திரண்டு நெபுலாக்களைப் பட்டியலிட்டார். 1834-ல் இங்கிலாந்தின் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் வந்து அதே கேப் டவுனில் நாலு வருஷம் தங்கி, கரினா நெபுலாவை மாதக் கணக்கில் வரைந்தார். 1837 டிசம்பரில் ஒருநாள் பார்க்கிறார், அதன் நடுவே ஈட்டா என்ற விண்மீன் திடீரென்று பளிச்சென்று ஏறியிருக்கிறது. 1843-ல் அது சிரியஸுக்கு அடுத்தபடி வானத்திலேயே இரண்டாவது பிரகாசமாகி, பிறகு மங்கிப்போனது. கரும்புத் தோட்டத்துக்கு நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860-ல். ஹெர்ஷல் ஊர் திரும்பி அப்போது இருபத்திரண்டு வருஷம். முதல் முதலாக வந்து இறங்கியவர்கள் தெற்கே பார்த்திருந்தால் அந்த வெண்திட்டைப் பார்த்திருப்பார்கள். அது ஏன் எரிகிறது என்று அன்றைக்கு ஹெர்ஷலுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

நேர் தெற்கே பெரிய மகெல்லன் மேகம். அதன் ஓரத்தில் டரான்டுலா நெபுலா. 1,60,000 ஒளியாண்டு தள்ளி, இன்னொரு விண்மீன் மண்டலத்தில் இருக்கிறது. ஓரியன் நெபுலா இருக்கிற தூரத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் அந்த வெளிச்சத்தில் நம் நிழல் விழுமாம். பேத்தி உடனே தன் கையைத் தரைக்கு மேலே நீட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், அந்த நட்சத்திரத்துக்கு லோட் ஷெட்டிங் வந்தா?"

அன்று பதில் தெரியவில்லை. ட்யூப்லைட் மாதிரி உடனே அணைந்துவிடும் என்றுதான் சொன்னேன். தப்பு. மறுவாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விண்மீனை அணைத்தால் உடைப்பது நிற்கும். ஏற்கெனவே உடைந்தவை சேர்வது நிற்காது. கன சென்டிமீட்டருக்கு ஆயிரம் எலெக்ட்ரான் என்று வைத்துக்கொண்டால், அவற்றில் பாதி ஜோடி தேடிச் சேரவே நூறு வருஷம் அளவில் ஆகிறது. நெருக்கமான நடுப்பகுதி சீக்கிரம் மங்கும், மெல்லிய ஓரம் இன்னும் இழுக்கும். அதுவரை நெபுலா மங்கிக்கொண்டே எரியும்.

பூசத்துக்கு மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து இதை ஆண்ட்டியிடம் சொன்னேன். நாக்கில் வேல் குத்தி எடுத்த மகனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நூறு வருஷமா?" என்றார். "நமக்கு ரெண்டரை மணி நேரம். அதுலயே ஃபிரிட்ஜ்ல பாலு கெட்டுப்போகுது."

அந்தக் கொடியேற்ற ராத்திரியில் பன்னிரண்டரைக்குக் கரண்ட் வந்தது. சரிவு முழுக்க ஒரே சமயத்தில் விளக்கு, ஃபிரிட்ஜ் உறுமல், எங்கோ ஒரு டிவி. விபூதி போய்விட்டது. இடைவாள் இருந்த இடத்தில் இரண்டு மூன்று புள்ளிதான் மிச்சம். உடனே ஆலையிலிருந்து போன்: கரண்ட் வந்த வேகத்தில் மெயின் பிரேக்கர் ட்ரிப் ஆகிவிட்டதாம், கிளம்பி வா என்றார்கள். பைனாகுலர் ஆண்ட்டியிடமே இருக்கிறது என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.